மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பச்சை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கடலைமிட்டாய்க் கடை மாடியில் அந்த போர்டு தொங்கிய நாளிலிருந்து ஊருக்கு இனி கஷ்டமே கிடையாது என்று முடிவாகிவிட்டது. 'மாயன் டாட்டூஸ். உங்கள் தோலில் உங்கள் விதி.' கீழே சின்ன எழுத்தில், 'ஊசி புதியது'. அந்தக் கடைசி வரி மட்டும் உண்மை.

காலையிலேயே மாடிப்படியில் வரிசை நின்றது. பரீட்சைக்குப் போகிற பெண் ஆந்தை குத்திக்கொண்டாள். கல்யாணம் தள்ளிப்போகிறவருக்கு இறகு முளைத்த பாம்பு. கவுன்சிலர் ஆக ஆசைப்பட்டவருக்கு ஜாகுவார். அவர் அதைப் பூனை என்று சொன்னவனோடு இன்றுவரை பேசுவதில்லை. கடம்பூரிலிருந்து கிருஷ்ணராஜ் என்பவர் வாரம் தவறாமல் போளிப் பொட்டலத்தோடு வந்தார். உடம்பில் இடம் தீர்ந்த பிறகும் வந்தார். சும்மா நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

கும்பிடப்பட்டவர் பெயர் கார்த்திகேசன். கொஞ்ச காலம் முன்புவரை கயத்தாற்றில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போது கறுப்பு ஜிப்பா, கழுத்தில் இறகு மாலை. மெக்சிகோ காட்டுப் பறவையின் இறகாம். அந்தப் பறவை கயத்தாற்றுக் கறிக்கடையில் உயிரை விட்டது என்று சிலர் சொன்னார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

மெக்சிகோ பக்கம் பழங்காலத்தில் வாழ்ந்த மாயன்கள் பாவம். வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள், கல்லில் நகரம் கட்டியவர்கள். கோவில்பட்டியில் தங்களுக்கு ஒரு கிளை இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்தக் கிளைக்கு ஒருநாள் பசுவந்தனை சோலைமுத்து வந்தார். நாலு ஏக்கர் கரிசல். வானம் பார்த்த பூமி. போன வருடம் மக்காச்சோளத்தில் பாதியைப் படைப்புழு தின்றது, மிச்சத்தை வறட்சி தின்றது. இந்த வருடமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"அண்ணாச்சி, மக்காச்சோளம் எந்த ஊர்ப் பயிரு?" என்றார் கார்த்திகேசன்.

"எங்க ஊர்லதான் போடுதோம்."

"அதில்ல. பூர்வீகம் மாயன் நாடு. அந்த ஊர்ப் பயிரு அந்த ஊர்ச் சாமி சொன்னாத்தான கேக்கும்? நீங்க இங்கன உள்ள சாமிட்டப் போயி நின்னா அவருக்கு என்ன தெரியும்?"

இத்தனை வருடமாகத் தப்பான ஆபீசில் மனு கொடுத்துவிட்டோமே என்று சோலைமுத்து வருத்தப்பட்டார். இடது கையை நீட்டினார். மழைத் தெய்வம் 'சாக்' இறங்கியது. பிதுங்கிய கண், தும்பிக்கை போல நீண்டு வளைந்த மூக்கு, கையில் கோடரி. ஊரில் பாதிப் பேர் அதைப் பிள்ளையார் என்று நினைத்துத் திருநீறு பூசினார்கள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் கார்த்திகேசன். "மாயன் காலண்டர்ல ஐப்பசிக் கடைசி வெள்ளிதான் வெதைப்பு நாளு. அதுக்கு முந்தி ஒரு வெத மண்ணுல விழக் கூடாது. விழுந்தா சாமி திரும்பிப் போயிரும்."

கரிசல்காட்டில் ஒரு கணக்கு உண்டு. மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் மண் பசையாகிவிடும்; டிராக்டர் என்ன, ஆடுகூடக் காலை வைத்து எடுக்க முடியாது. புரட்டாசி முடியப்போகிறது. சுற்றிலும் எல்லோரும் விதைத்துவிட்டார்கள். சோலைமுத்து வீட்டில் விதை மூட்டை கட்டியபடியே கிடந்தது.

"மேக்க இருட்டிக்கிட்டு வருது. எப்ப வெதைக்கப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி பாண்டிச்செல்வி.

"நாளு வரட்டும். சாமி கோச்சுக்கிடும்ட்டி."

"மெக்சிகோவுல இருந்து வந்து கோச்சுக்கிடுமா?"

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல, கேக்குதேன். உங்க கையில பச்ச குத்துனது மேகத்துக்கு எப்படித் தெரியும்?"

சோலைமுத்து கைக்கு விபூதி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து எழுந்து அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது ராமசுப்பு அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில். மறுநாள் அண்ணாச்சி டீ குடிக்கச் சட்டைக் கையைச் சுருட்டினார். பாண்டிச்செல்வி பெட்டி அடைப்பதை நிறுத்திவிட்டாள். அதே பிதுங்கிய கண். அதே மூக்கு. அதே கோடரி.

"அண்ணாச்சி, இது என்ன சாமி?"

"மழைய வெரட்டுத சாமி தாயி. வெயில் இருந்தாத்தான குச்சி காயும்? ஆர்டர் முடியுதவரைக்கும் ஒரு தூத்தல் விழக் கூடாதுன்னு மாயன்ட்ட போயிக் குத்துனது."

"எங்க வீட்டு ஆளும் இதே மூஞ்சியத்தான் குத்தியிருக்காவ. மழைய வரவழைக்க."

அண்ணாச்சி டீ கிளாசைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. இனி கார்த்திகேசன் தொலைந்தான் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"அப்ப ஒன் புருசன்தான் என் குச்சிய நனைக்கப் பாக்கானா?" என்றார் அண்ணாச்சி.

மூடநம்பிக்கைக்கு இப்படி ஒரு தனி அழகு. ஏமாற்றியவன் மேல் கோபம் வரவே வராது.

பாண்டிச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்களும் வாங்க அண்ணாச்சி. மாயன்ட்டயே கேட்டிருவோம். எந்தச் சாமி ஜெயிக்கும்னு தெரியாண்டாமா?"

சோலைமுத்துவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மாடிப்படி ஏறினார்கள். கூட்டம் வழிவிட்டது. பாண்டிச்செல்வி இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

கார்த்திகேசன் அசரவில்லை. "படம் ஒண்ணுதாம்மா. உள்ள ஏத்துன மந்திரம் வேற. கண்ணக் கட்டிக்கிட்டுத் தொட்டாலே எனக்குத் தெரியும். மழைப் பச்ச ஜில்லுன்னு இருக்கும், வெயில் பச்ச சுடும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்ப கட்டிருவமா?" என்றாள் பாண்டிச்செல்வி.

புருசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளே கட்டினாள். நன்றாக இறுக்கினாள். பிறகு சோலைமுத்துவை ஓரமாக நிற்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். அண்ணாச்சியை முன்னால் இழுத்து, அவருடைய வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றி, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். இடது கையில் சாக். வலது கை வெறுங்கை.

கார்த்திகேசன் இடது கையைத் தொட்டார். "ஆகா, ஜில்லுன்னு இருக்கு. மழைய இழுக்குது."

வலது கையைத் தொட்டார். தோசைக்கல்லைத் தொட்டவர் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஆத்தாடி, என்னா சூடு. இதுதான் வெயில் பச்ச."

துண்டை அவிழ்த்தார்கள். அவருக்கு முன்னால் இரண்டு கை, ஒரே அண்ணாச்சி.

"ஏலே, வெயிலக் கேட்டு வந்த கையில மழைய வச்சிருக்க. ஒண்ணுமே இல்லாத கை சுடுதுன்னு சொல்லுத. எங்கருந்துல படிச்ச இதெல்லாம்?" என்றார் அண்ணாச்சி.

"வெறுங்கையே இவருக்குச் சுடுதுன்னா, எம்புட்டு சக்தி பாருங்க," என்றார் கடம்பூர் கிருஷ்ணராஜ்.

அதற்குத்தான் கூட்டம் சிரித்தது. சிரிக்க ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. கார்த்திகேசன் இறகு மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நெட்ல எடுத்த படம் அண்ணாச்சி. வெயிலுக்கு வேற ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். பிரிண்டர்ல மை தீந்துட்டு."

"சரி, படம் போகட்டும்," என்றாள் பாண்டிச்செல்வி. "ஐப்பசிக் கடைசி வெள்ளின்னு எந்தக் கணக்குல சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுக்கு முந்தி கடையக் காலி பண்ணிட்டு திருப்பூர் போயிருவேன். வெள்ளாமை வந்தாலும் வராட்டாலும் நான் இருக்க மாட்டேம்லா."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சோலைமுத்து படியில் உட்கார்ந்துவிட்டார். நாலு ஏக்கர், ஒரு வருடச் சாப்பாடு, ஒருத்தன் ஊரைக் காலி செய்வதற்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கியது. எழுந்து வந்து கார்த்திகேசனை அடிக்கக் கை ஓங்கினார். ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். இருட்டியிருந்தது. அடிக்க நேரமில்லை என்று தெரிந்து, டிராக்டர்காரருக்குப் போன் போட்டார்.

அன்று சாயந்திரமே விதை மண்ணில் விழுந்தது. அந்த வாரமே மழையும் விழுந்தது. அண்ணாச்சி ஆபீசில் தார்ப்பாய் தேடி ஓடினார்கள். "பாத்தீங்களா, சோலைமுத்து பச்ச வேல செஞ்சிட்டு," என்று கிருஷ்ணராஜ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மழை பச்சை குத்திய கையிலும் பெய்தது, குத்தாத கையிலும் பெய்தது, ஒரு சாமியையும் தெரியாத வெள்ளாட்டின் முதுகிலும் பெய்தது.

மக்காச்சோளம் இப்போது இடுப்புக்கு நிற்கிறது. படைப்புழுவுக்கு வேளாண்மை ஆபீசில் கேட்டு மருந்து அடித்தார்கள். சாக் மட்டும் சோலைமுத்து கையிலிருந்து போக மாட்டேன் என்கிறார். டீக்கடையில் யாராவது, அது என்ன சாமி, என்ன அர்த்தம் என்று கேட்பார்கள்.

"நான் ஒரு கேள்வியும் கேக்காம இருந்தேம்லா, அதுக்கு அத்தாட்சி," என்பார் சோலைமுத்து.

உங்கள் கை இன்னும் வெறுங்கையாக இருந்தால் சந்தோஷம். அடுத்த ஊசி வேறு ஏதாவது நாட்டிலிருந்து கட்டாயம் வரும். அதற்குள் கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கு மாடிப்படியில் வரிசை நிற்க வேண்டியதில்லை.