அடுத்த ஷிஃப்டில் சரிசெய்யப்படும்

வட்டம் 19,
நெய்வேலி.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மைத்துனர் அன்புமணிக்கு, உன் மாமா வைத்திலிங்கம் எழுதிக்கொண்டது.

இங்கு நானும், உன் அக்கா ஆதிலட்சுமியும், மகள் இசைப்பிரியாவும் இதை எழுதும் நிமிஷம் வரை சௌக்கியம். காடாம்புலியூரில் உன் முந்திரித் தோப்பும் முழங்கால் வலியும் எந்த நிலையில் உள்ளன என்பதைத் தெரிவிக்கவும். நிற்க. வருகிற வெள்ளிக்கிழமை இசைப்பிரியாவின் கேம் கம்பெனிக்கு ஒரு வருஷம் நிறைகிறது. வடையும் கேசரியும் உண்டு. நீ அவசியம் வர வேண்டும். “செத்துப்போனவருக்கு டீ வச்சிக்கினு கீறாருடா உங்க மாமா” என்று உன் அக்கா போனில் சொன்னதாக அறிந்தேன். அது உண்மைதான். ஆனால் எல்லாம் நேற்றோடு முடிந்துவிட்டது என்பதை விளக்கவே இக்கடிதம்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. உன் அக்கா ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருப்பதால் கையில் இருக்கிற குவார்ட்டர்ஸ், அதில் பின்னறை, அதில் இரண்டு கம்ப்யூட்டர், இசைப்பிரியா, அவள் சிநேகிதி சரிதா, அவ்வளவுதான். சுரங்கத்து பெல்ட்டைக் கரி சிந்தாமல் ஓட்டுகிற விளையாட்டு. பதினோராயிரம் பேர் போனில் ஓட்டுகிறார்கள், ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குறை. ஒருவருக்கு மழை பெய்ய வேண்டும், ஒருவருக்கு நாய் வேண்டும், நாய் கேட்டவருக்கு வால் ஆடாத நாய் ஆகாது. இரண்டு பெண்கள் எத்தனைக்குத்தான் ஈடுகொடுப்பார்கள்? சும்மா இருக்கிறேனே என்று, வருகிற குறைகளுக்குப் பதில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

“வாக்கு மட்டும் குடுத்துடாதீங்கப்பா. நன்றி, பரிசீலிக்கிறோம்னு போட்டா போதும்” என்றுதான் இசைப்பிரியா சொன்னாள். ஆனால் என் கை எப்படிப்பட்ட கை என்று உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் பெல்ட்டில் ஷிஃப்ட் பார்த்த கை. எந்தக் கோளாறாக இருந்தாலும் லாக் புத்தகத்தில் ‘அடுத்த ஷிஃப்டில் சரிசெய்யப்படும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கை. முடியாது என்று எழுதி அதற்குப் பழக்கமே இல்லை. கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கி, குறைகளை வரிசையாக எழுதி, அத்தனை பேருக்கும் அதே வாக்கியத்தைப் பதிலாக அனுப்பிவிட்டேன். ஆளாளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்.

இசைப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எந்த அடுத்த ஷிஃப்டுப்பா? நம்ம கம்பெனில இருக்கறதே ஒரு ஷிஃப்டுதான். காலைல ஆறுலேர்ந்து ரெண்டு. அதுக்கு மேல எங்களுக்குக் கண்ணே தெரியறதில்ல. யாரு வந்து செய்வா?” அதற்குள் நாற்பத்தோரு வாக்கு கொடுத்திருந்தேன். செய்யாவிட்டால் பொய்யர்கள் என்பார்கள், கம்பெனியை மூடிவிட்டு என் பெண் பெங்களூரில் யாருக்கோ வேலை பார்க்கப் போவாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நோட்டைத் திறந்தால், முதல் ஒன்பது வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது. போனைப் பார்த்தால் பெல்ட் ஓரமாக நாய் ஓடுகிறது, வாலை ஆட்டிக்கொண்டு. சரிதா செய்தாள் என்று இசைப்பிரியா நினைக்க, இவள் செய்தாள் என்று சரிதா நினைக்க, நான் மட்டும் பக்கத்தின் அடியில் இருந்த வரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ‘டீ வரவில்லை.’

டீ வராததை லாக் புத்தகத்தில் ஏற்றுகிற ஆள் அந்தச் சுரங்கத்திலேயே ஒருவன்தான். பத்தொன்பது வருஷம் மதியம் இரண்டு மணிக்கு வந்து என்னை ரிலீவ் பண்ணிய ராமலிங்கம். வடலூரில் அவன் காரியத்துக்குப் பந்தி பரிமாறியவனே நீ. நீ அதே சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் காண்ட்ராக்டிலேயே கிடந்து, “எப்ப என்ன பர்மனன்ட் பண்ணுவாங்க?” என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டபோது, “ஒன்ன பர்மனன்ட் ஆக்காம வுட மாட்டேன்டா” என்று சொன்ன ஒரே மனுஷனும் அவன்தான்.

பிளாஸ்க்கில் டீ வைத்தேன். தினமும் இரண்டு மணிக்கு அறையைப் பூட்டுவோம், உள்ளே நாற்காலி இழுபடும். பட்டப்பகல், வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான், உள்ளே யாரோ செருமுகிறார்கள். காலையில் பிளாஸ்க் காலி. உன் அக்கா காவலுக்குத் துளசியை அறை வாசல்படியில் போட்டாள். ‘சர்க்கரை குறைவு’ என்று நோட்டில் வந்தது.

பிறகு ஒருவர் பெல்ட் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்டார். மறுநாள் விளையாட்டுக்குள் ஒரு ஆள் நின்றான். ஹெல்மெட், காக்கிச் சட்டை, நமக்கு முதுகு. எந்தப் பக்கம் திருப்பினாலும் முதுகுதான். வாடிக்கையாளர்களுக்கு ஒரே குஷி. ஒருவர் மட்டும் எழுதினார்: ‘சார், உங்க ஆளு கிட்ட போனா, ரிலீவர் வந்தாச்சான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லணும்?’

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாள் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ‘ரிலீவர் வரவில்லை. தொடர்ந்து பணியில் இருக்கிறேன்.’ பதினோரு நாள். ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது நம் சட்டம். ஓய்ந்து போய்ச் சேர்ந்தவனை, ராத்திரி பத்துக்கு வந்து மாற்றிவிட மூன்றாவது ஷிஃப்டே இல்லாத பெல்ட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று அழுதுவிட்டேன், மச்சான்.

இசைப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நாங்க ரெண்டே பேருன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்ப்பா” என்றாள். நாங்கள் இருவர்தான், மாதம் ஒரு புதுச் சங்கதி செய்வோம், அது எது என்று நீங்களே சொல்லுங்கள் என்று எல்லோருக்கும் எழுதிப் போட்டாள். மிச்சமிருந்த வாக்குகளுக்கு நானே ஒவ்வொருவராக ‘செய்ய முடியாது, மன்னிக்கவும்’ என்று எழுதினேன். சிலர் திட்டினார்கள், சிலர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் இருக்கிறார்கள். ‘ரெண்டே பேரா! மெதுவா செய்யுங்க கண்ணுங்களா’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நேற்று ‘நிலுவை ஏதும் இல்லை’ என்று எழுதி, கோடு கிழித்து, நோட்டை மூடினேன். இன்று காலை பிளாஸ்க்கில் டீ அப்படியே இருந்தது. விளையாட்டில் அந்த ஆளும் இல்லை.

ஆகவே பயமின்றி வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேரவும். வள்ளலார் அருளால் உன் முழங்கால் நேராகவும், முந்திரி நிறையக் காய்க்கவும், நீ நீண்ட ஆயுளோடு இருக்கவும் வாழ்த்தும்,

உன் மாமா,
வைத்திலிங்கம்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். நோட்டு திறந்து கிடக்கிறது. நான் கிழித்த கோட்டுக்குக் கீழே, சிவப்பு மை இன்னும் காயவில்லை. ‘அன்புமணிக்கு பர்மனன்ட் ஆர்டர் வாங்கியாயிற்று. ரிலீவராக அனுப்பவும்.’ மச்சான், சத்தியமாக முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாழாய்ப்போன கை, ‘அடுத்த ஷிஃப்டில் சரிசெய்யப்படும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. உனக்குப் போன் போட்டால் தோப்பில் சிக்னல் இல்லை. இப்போது மணி ஒன்று ஐம்பது, அடுத்த ஷிஃப்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். வெள்ளிக்கிழமை வர வேண்டாம். கேசரியைக் கொடுத்தனுப்புகிறேன். தோப்புப் பக்கம் காக்கிச் சட்டையில் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் கிட்டப் போகாதே. எனக்குக் காண்ட்ராக்டே போதும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடு.