கறுப்புப் பேன்ட் சொன்ன தீர்ப்பு

தையல்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி, ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய கலோரிப் பட்டியல். டாக்டர் கொடுத்தது, மனைவி ஒட்டியது. ஒரு கிரீம் பன், முந்நூற்றைம்பது. இவர் ஒரு நாளைக்கு மூன்று தின்றுகொண்டிருந்தார். தையல் கடைக்கு நேர் எதிரே பேக்கரி இருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

"பன்னை விட்டாச்சு. இப்ப வெறும் பாதாம்தான். உடம்புக்கு நல்லது" என்றார் மனைவியிடம்.

"நல்லதுக்கும் கலோரி உண்டுங்க. ஒரு பிடி பாதாமும் அரை பன்னும் ஒண்ணுதான். எத்தனை பிடி தின்னீங்க?"

"டப்பா தீர்ற வரைக்கும்."

அன்றே பந்தயம் முடிவானது. இரண்டு மாதத்தில் இடுப்பு இளைத்தால் பட்டியலைக் கிழித்துவிடலாம். இளைக்காவிட்டால் மனைவி தினமும் கடைக்கு வந்து பட்டன் தைப்பாள். பட்டன் தைக்கும் நாற்காலி பேக்கரியைப் பார்த்துப் போட்டிருந்தது.

"டேப் வச்சு அளந்துடலாமா?"

"டேப்பை நம்பாதே. இழுத்துப் பிடிச்சா எந்தத் தொப்பையும் அடங்கும். நான் தினம் பண்றதுதானே. என் கறுப்புப் பேன்ட்தான் நீதிபதி. பட்டன் போட்டப்புறம் உள்ள என் கை முழுசா நுழையணும்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"தொழில் மேல ஆணை."

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. மனைவி காய்கறி வாங்கப் போனதும் பின்தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டார். சனிக்கிழமை கடையில் அந்தச் சந்தோஷத்தில் நாலு பன். ஞாயிறு காலை பேன்ட்டை மாட்டினால், பட்டன் காஜாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மூச்சை ஏன் பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

"பயிற்சி."

அடுத்த வெள்ளி இன்னோர் அங்குலம். ஞாயிறு இன்னும் இறுக்கம். மூன்றாம் வெள்ளி பிரித்துப் பார்த்தார். தையலில் விடுவதற்குத் துணி இல்லை. அவரிடம் விடுவதற்கு உயிர் மட்டும்தான் மிச்சம். விட விடப் பெருக்கிற உடம்பு எங்கே போய் நிற்கும்? கடை வாசலில் நுழையுமா?

பயத்தில் நிஜமாகவே வாயைக் கட்டினார். காலையில் வெள்ளரிக்காய், மத்தியானம் அவித்த பீன்ஸ், ராத்திரி தண்ணீரும் பெருமூச்சும். பேக்கரி கண்ணில் படாமலிருக்கக் கடை ஜன்னலில் லைனிங் துணியைத் தொங்கவிட்டார். வாசனைக்குத் திரை போட வழியில்லை.

கடைசி ஞாயிறு. பட்டன் காஜாவில் மாட்டியது. இரண்டு விரல் நுழைந்தது. கை நுழையவில்லை. கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். இந்தப் பேன்ட்டை நான் ரெண்டு அங்குலம் விட்டிருக்கேன். அப்படியும் பத்தலை. என் கதை முடிஞ்சுது."

"தெரியும். நீங்க ரெண்டு விட்டீங்க. நான் சனிக்கிழமைகள்ல பக்கத் தையல்ல நாலு பிடிச்சேன்."

பேன்ட்டைக் கழற்றிப் பக்கத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சு அசலாக அவர் கைத்தையல்.

"என் தையல் மாதிரியே இருக்கே?"

"வேற யாருகிட்ட கத்துக்கிட்டேன்?"

அவளே டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். இழுக்கவில்லை. இரண்டரை அங்குலம் குறைந்திருந்தது. தையல்காரர் துள்ளி எழுந்தார்.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன். கிழி பட்டியலை."

"டேப்பை நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

திங்கட்கிழமை காலை அவள் பட்டன் டப்பாவோடு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"என்னங்க, ஜன்னல்ல அந்தத் துணியை எடுத்துடுங்க. வெளிச்சம் பத்தலை."