வயர்மேனின் முட்டைக்கோஸ் பாட்டு

கொடைக்கானல் மலையில் வயர்மேன் அளவுக்குப் பரிசு வாங்கிய பாடகர் அவருக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பாட்டுக்கு மட்டும்தான் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஒரு பேர். மூன்றாம் வகுப்பில் அதற்காக ஒரு பென்சில் டப்பா வாங்கியதோடு என் சொந்த விருதுப் பட்டியல் முடிந்துவிடுகிறது. அந்தத் தகுதியை மோப்பம் பிடித்து, சீசனில் விழா நடத்தும் உள்ளூர்ச் சங்கம் ஒன்று என்னைப் பிடித்துப் போட்டுக்கொண்டது. ரோஜாவுக்குப் போட்டி, காலிஃபிளவருக்குப் போட்டி, நாய்க்குப் போட்டி, இவை எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் ஒரு நாளில் மனிதர்களுக்கும் போட்டி. ஜெயித்தது நாயோ மனிதரோ, சான்றிதழில் பெயர் எழுத வேண்டியது நான்.

வயர்மேன் ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீஷியன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோள் வரை முடி, எவனோ டூரிஸ்ட் விட்டுப்போன ஒட்டுப்போட்ட கோட்டு, கழுத்தில் மப்ளர், மப்ளருக்கு மேல் ஒரு சுருள் வயர், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். அதே லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரன் கம்பி அறுந்த கிட்டார் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மேனேஜர் அதை வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். வயர்மேன் அடுப்பு வாய் வரை போய் அதை மீட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விபரீதம். செத்துப்போன டெலிபோனிலிருந்து காதில் வைக்கும் பாகத்தைக் கழற்றி, கம்பிகளுக்கு அடியில் பொருத்தினார். அதை ஒரு பழைய வால்வு ரேடியோவில் இணைத்தார். ரேடியோவைக் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் இணைத்தார். ஒரு கம்பியைத் தட்டினால் லாட்ஜிலும், அதே கரண்டு லைனில் இருந்த என் அறையிலும் பல்புகள் எல்லாம் ஒரு தரம் கண் மூடித் திறக்கும். எதிர்ச் சரிவில் மேயும் குதிரைகள் தலை தூக்கிப் பார்க்கும். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கத்துவார்.

மாதா கோவில் பாடகர் குழு மாஸ்டரிடம் முதன்முதலாகப் பாடிக் காட்டியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது பாட்டு இல்ல. கரண்டுல ஏதோ கோளாறு. மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க" என்றாராம்.

வயர்மேன் மனதில் அது முள்ளாகத் தங்கிவிட்டது. "கப்பு வேணாம் சார். ஷீல்டு வேணாம். 'பாட்டு'ன்னு போட்டு ஒரே ஒரு பேப்பர் வேணும். அதைக் கொண்டுபோயி மாஸ்டர் முன்னால வெச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துருவேன்." இதைச் சொல்லும்போது டெஸ்டரை என் மார்புக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். போட்டியில் அவர் பெயரைச் சேர்த்துவிட நான் சம்மதித்தேன்.

முதல் வருஷம், வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் மெல்லிசைப் பட்டியல், வலது பக்கம் மாறுவேடப் பட்டியல். வரிசை நீளம். வயர்மேன் முடியும் கோட்டும் வயருமாக வந்து நின்றார். கையில் கிட்டார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன். கை தானாக வலது பக்கம் போய்விட்டது.

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தாவரவியல் புரொபசர் ஒருவர், சமையல் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர், முந்தின நாள் நாய்ப் போட்டிக்கு வந்து சாப்பாடு நன்றாக இருந்ததால் தங்கிவிட்ட கால்நடை மருத்துவர் ஒருவர். வயர்மேன் உயிரைக் கொடுத்துப் பாடினார். அவர்கள் உச்சி முதல் பாதம் வரை பார்த்து மார்க் போட்டார்கள். 'ஹிப்பி வேடம், முதல் பரிசு.' கேரட் வேடம் போட்ட குழந்தைக்கு இரண்டாம் பரிசு. அது மேடையிலேயே அழுதது.

வயர்மேன் சான்றிதழோடு என்னிடம் வந்தார். "சார், நான் வேஷமே போடலையே."

"அதனாலதான் அவ்வளவு தத்ரூபமா இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னார்" என்றேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு அப்படி ஒரு ராசி.

அடுத்த வருஷம் குற்ற உணர்ச்சியில் மெல்லிசைப் பட்டியலில் முதல் பெயராக அவரை எழுதினேன். வயர்மேன் மேடையேறி, கண்ணை மூடி, கையை உயர்த்தி, முதல் கம்பியில் ஓர் அடி அடித்தார். மைக், விளக்கு, ஐஸ்கிரீம் வண்டிக்காரரின் ரேடியோ எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. கூட்டம் ஊளையிட்டது. கிட்டாரை முதுகில் மாட்டியபடியே வயர்மேன் கம்பத்தில் ஏறினார். வயரைப் பல்லால் சீவி, எதையோ எதோடோ முறுக்கி, பத்தே நிமிஷத்தில் கரண்டைக் கொண்டுவந்துவிட்டார். அப்படி ஒரு கைதட்டல் அந்த விழாவில் அதற்கு முன் எழுந்ததில்லை. சங்கத் தலைவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். 'சிறந்த பொதுச்சேவை', கூடவே ஒரு பிளாஸ்க்.

"பாட்டுங்க?" என்றார் வயர்மேன்.

"உங்க டைம் கம்பத்து மேலயே முடிஞ்சு போச்சே" என்றார் தலைவர்.

மூன்றாவது வருஷம் அவர் எதையும் விதியிடம் விடவில்லை. பாட்டை மூன்று பிரதி எழுதி, நடுவருக்கு ஒன்றாகக் கொடுத்தார். ரேடியோவுக்குத் தனி பியூஸ் போட்டார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. முழுப் பாட்டையும் பாடி முடித்தார். கரண்டு போகவில்லை, மழை பெய்யவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. நான் கேட்டேனா என்று கேட்காதீர்கள். மேடைக்குப் பின்னால் காலிஃபிளவர்க்காரர்களுக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு தரமாவது அந்தப் பாட்டை நானும் கேட்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பின்னால் பிரதியில் படித்துப் பார்த்த பாட்டு இதுதான்:

*மேகத்துல வெளஞ்சவனே முட்டக்கோசு,*
*மெட்ராஸுக்கு எதுக்குடா போறே?*
*குளுரு விட்டு எறங்கினா நீ*
*கொழம்புலதானே வேகறே?*

டீச்சர் கையிலிருந்த பிரதியைத் தட்டினார். "முட்டைக்கோஸை யாருங்க குழம்புல போடுவாங்க? கூட்டுலதான் போடணும். அடிப்படையே தப்பு." புரொபசருக்கோ கண் கலங்கிவிட்டது. முட்டைக்கோஸை மதித்து அவர் வாழ்நாளில் யாரும் பாடியதில்லையாம். மூவரும் கூடிப் பேசி, காய்கறிப் பிரிவில் மிச்சமிருந்த ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். 'முட்டைக்கோஸ் சாகுபடிக்கு ஊக்கமளித்தமைக்காக.' அதை எழுதியதும் என் கைதான். எழுத்து மிக அழகாக வந்திருந்தது.

அன்று வயர்மேன் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மாஸ்டர் சொன்னது சரிதான் போல சார். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பிரிச்சிடறேன். ரேடியோ ரேடியோவாவே கெடக்கட்டும். கிட்டாரு மறுபடி வெந்நீர் அடுப்புக்கு" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் என் மச்சினன் கல்யாணத்துக்குக் காய்கறி பிடிக்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. லாரியிலிருந்து நான்கு பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தோளில் மூட்டை ஏறும்போது ஒரு வரி, தரையில் விழும்போது ஒரு வரி. என் கையிலிருந்த கத்திரிக்காய் கீழே விழுந்தது.

*மேகத்துல வெளஞ்சவனே முட்டக்கோசு...*

"இது எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"மலைலேர்ந்து வர்ற டிரைவருங்க பாடுவாங்க. ஏதோ லாட்ஜுல லைட்டு ரிப்பேர் பண்ணுற ஆளு பாடுவானாம். தள்ளி நில்லுங்க, மேல விழுந்துரும்."

அடுத்த பஸ்ஸில் மலையேறினேன். மச்சினன் கல்யாணத்தில் அவியல் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். லாட்ஜுக்குப் போனபோது வயர்மேன் ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்து, ஒரு திருகைக் கழற்றி முடித்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க சார்."

"எனக்கு அவ்வளவு கற்பனை கெடையாதுங்க. நாளைக்கு வெள்ளனே கெளம்புங்க."

மறுநாள் ஒரு கோஸ் லாரியில் முன்னால் நெருக்கிக்கொண்டு பழனி வழியாக இறங்கினோம். மார்க்கெட்டில் அதே நான்கு பேர், வேறு மூட்டை, அதே பாட்டு. வயர்மேன் ஒரு தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது சுற்றில் அவருக்குத் தாங்கவில்லை. தானும் சேர்ந்து குரலெடுத்தார்.

*குளுரு விட்டு எறங்கினா நீ, கொழம்புலதானே...*

மூட்டை பாதியில் நின்றது. நால்வரில் மூத்தவர் திரும்பினார். "யோவ் சடை! தப்பாப் பாடாதய்யா. கூட்டுலதானே வேகறே."

"கொழம்புன்னுதாங்க..." என்று வயர்மேன் இழுத்தார்.

"ஏலே மாப்ள, கேட்டியாடா இவன் சொல்றத? முட்டக்கோசை உங்க வீட்டுல கொழம்புலயா போடுவாக? பாட்டை ஒழுங்காத் தெரிஞ்சா பாடு. இல்ல, சும்மா நின்னு கேளு. ஒரு நல்ல பாட்டைக் கெடுக்கணும்னே வருவாங்கய்யா."

"ஐயா, இவருதான் அந்த..." என்று நான் ஆரம்பித்தேன். வயர்மேன் என் முழங்கையைக் கிள்ளினார். தாமிரக் கம்பியை முறுக்கிப் பழகிய விரல்கள். ஒரு வாரம் கறுத்துக் கிடந்தது.

"தப்புதாங்க. மன்னிச்சுக்கங்க. ஒரு தரம் சரியாச் சொல்லிக் குடுங்க" என்றார் அந்த ஆளிடம்.

அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். வயர்மேன் கை கட்டி நின்று கற்றுக்கொண்டார். மூன்றாவது தரம் சரியாக வந்ததும், "ம், இப்பத் தேவல. குரலு சுமார்தான். வெரசா நகருங்க, சோலி கெடக்கு" என்றார் அவர்.

திரும்பி ஏறும்போது பாதி மலை வரை வயர்மேன் திருத்திய வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பிறகு, "கூட்டுதான் சார் சரி. டீச்சரம்மா அப்பவே சொன்னாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்ல பாட்டுன்னான்ல சார்?" என்றார். பஸ் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் இதையே ஏழெட்டுத் தரம் கேட்டார். நானும் ஒவ்வொரு தரமும் "ஆமா" என்றேன்.

லாட்ஜில் கிட்டாரை எடுத்துக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தோம். சங்கத்தின் சான்றிதழ்களில் ஒன்று எழுதாமல் மிஞ்சியிருந்தது. தலைவரின் கையெழுத்து முன்கூட்டியே அச்சாகியிருக்கும். நான் பேனாவைத் திறந்து, போட்டி என்ற இடத்தில் 'பாட்டு' என்று எழுதினேன்.

"பரிசு? முதல் பரிசுன்னு போட்டுடவா?"

"பொய் எதுக்கு சார்? அந்த ஆளு குரலு சுமார்னுட்டாரே. ஆறுதல் பரிசுன்னு போடுங்க."

போட்டேன். நடுவர் என்ற இடம் காலியாக இருந்தது. மூட்டைக்காரரின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

"நீங்களே போடுங்க" என்றார்.

"எனக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சவங்கதான் மூணு வருஷமா போட்டாங்களே சார், பாத்தீங்கள்ல?"

பேனாவைக் கீழே வைத்தேன். "மொதல்ல பாடுங்க" என்றேன். கரண்டு இல்லாமல், குழாய் ஸ்பீக்கர் இல்லாமல், வெறும் கிட்டாரை மடியில் வைத்துப் பாடினார். கூட்டு என்று திருத்திப் பாடினார்.

அந்தக் காகிதத்தை மாஸ்டரிடம் கொண்டுபோனாரா என்று நான் கேட்கவில்லை. ரேடியோவில் கழற்றிய திருகு திரும்பப் போய்விட்டது என்பது மட்டும் மறுநாள் மாலை என் அறை பல்பு கண் மூடித் திறந்ததில் தெரிந்தது.

முப்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ காகிதங்களில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுதாகக் கேட்டு, இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கேட்டு, அப்புறம் போட்டது அந்த ஒன்றில் மட்டும்தான்.