சொந்தக் காலில் நிற்கும் எடிட்டர்

ஒன்றாம் தேதி காலை, பல் தேய்த்து முடிப்பதற்குள் நான் ஒரு மகத்தான முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையில் இந்த வருஷம் என் சுண்டுவிரல்கூடப் படக் கூடாது.

அடிப்பது என்னவோ பெயிண்டர்தான். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் பீரோவை நகர்த்துவது யார்? பரணிலிருந்து பதினாலு அட்டைப்பெட்டிகளை இறக்குவது யார்? 'இது வேணாம், இதுவும் வேணாம், சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று என் மனைவி தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தப் பதினாலையும் திரும்ப ஏற்றுவது யார்? போன தடவை இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கூன் போட்டுத்தான் நடந்தேன். ஆபீஸில் மேனேஜர், எனக்குப் பணிவு வந்துவிட்டது என்று நினைத்து ரொம்ப சந்தோஷப்பட்டார்.

முடிவு எடுத்தாயிற்று. காரணம்தான் கிடைக்கவில்லை. அதையும் என் மனைவியே கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறாள். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. ஒரே ஹால், பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு கிழட்டுக் கம்ப்யூட்டர். என் மனைவியின் விரல்களைப் பற்றி நான் சொன்னால் புருஷன் பெருமை பேசுகிறான் என்பீர்கள். ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவரிடம் நலம் விசாரித்துக்கொண்டே ஒரு முழுப் பக்கம் அடித்து முடிப்பாள். நான் கம்ப்யூட்டர் பிரிவில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். எனக்கு ஓடுவது இரண்டே விரல்.

"என்னங்க, மெஷின் பன்னெண்டும் படுத்துடுச்சு" என்றாள். "ஒரு எழுத்து அடிச்சா, அது ஸ்கிரீன்ல வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு கொட்டாவி விட்டுடுது. இருபத்தஞ்சாம் தேதி பரீட்சை. இப்படியே போனா எல்லாரும் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற பெரிய சென்டருக்குப் போயிடுவாங்க. பதினாலு வருஷமா நடத்தறேன். பூட்டிட்டு வர வேண்டியதுதான்."

அவள் குரல் லேசாக இறங்கியது. எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எரிந்தது.

"கவலைப்படாதே. விண்டோஸுக்குப் பதிலா சின்ன லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. பென் டிரைவ்ல போட்டுச் சொருகினா, எந்தக் கிழட்டு மெஷினும் எழுந்து ஓடும்."

"அதுல அடிக்க முடியுமா?"

"அங்கதான் விஷயம். அது காலி வீடு மாதிரி. உள்ளே ஒண்ணும் இருக்காது. நமக்கு வேண்டிய எடிட்டரை, அதான் எழுத்து அடிக்கற புரோகிராமை, நாமதான் ஒரே மூட்டையாக் கட்டி உள்ளே இறக்கணும். அதுக்குப் பேரு எக்ஸ்டென்ஷன்."

"பெட்டி கட்டற மாதிரியா?"

"அதேதான். எடிட்டருக்கு என்னென்ன வேணுமோ, அத்தனையும் அந்த மூட்டைக்குள்ளேயே இருக்கணும். எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கக் கூடாது. சொந்தக் கால்ல நிக்கணும்."

"நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு உருவாகப் போகுதா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தனை நாள் ஆகும்?"

இரண்டு நாள் ஆகும். "மூணு வாரம்" என்றேன்.

"மூணு வாரமா?"

"ஆபீஸ் நேரம் போக, ராத்திரி பகல்னு பாக்காம உக்காந்தா மூணு வாரம். நடுவுல பீரோ, பரண்னு யாராவது கூப்பிட்டா அவ்வளவுதான், முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"சரி. பெயிண்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அதை முடிச்சுக் குடுங்க."

நான் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த ஆனந்தத்தை, கல்யாணமானவர்கள் மட்டும் புரிந்துகொள்வார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலையை நான் ஏமாற்றவில்லை. எடிட்டரை எடுத்தேன், தேவையில்லாத கொழுப்பை எல்லாம் வெட்டினேன், ஒரு ஃபோல்டருக்குள் அடுக்கினேன், அமுக்கி ஒரே ஃபைலாகக் கட்டினேன். இரண்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு என் லேப்டாப்பில் சின்ன லினக்ஸைக் கிளப்பி, மூட்டையை ஏற்றினேன். எடிட்டர் திறந்தது. தமிழ் எழுத்து முத்து முத்தாக வந்தது. 'வாழ்க' என்று அடித்துப் பார்த்தேன். இரண்டு விரலில்தான்.

இனி பதினெட்டு நாள் என் ராஜ்யம்.

ஆனால் என் மனைவி அவ்வப்போது டீயோடு வருவாளே? அதற்கும் ஏற்பாடு செய்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் திரை கருப்பாகி, பச்சை நிறத்தில் ஆங்கில வரிகள் சரசரவென்று மேலே ஓடும். பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் கிளம்பப் போகிற மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. நானே எழுதிவிட்ட நாற்பது வரிகள் திரும்பத் திரும்ப ஓடும், அவ்வளவுதான்.

மூன்றாம் தேதி சாயங்காலம் வந்தாள். பட்டனைத் தட்டினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அப்படியே நின்று பார்த்தாள்.

"அம்மாடி, என்ன வேகமா போகுது."

"நீ பாக்கறது மேலோட்டம். உள்ளே இதைவிட வேகமா போயிட்டிருக்கு."

"பாவம், கண்ணு வலிக்கப் போகுது" என்று டீயை வைத்துவிட்டுப் போனாள். மனசு உறுத்தியது. டீ நன்றாக இருந்ததால் உறுத்தல் சீக்கிரம் அடங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்து மாடி வீட்டுப் பல் டாக்டரையும் சேர்த்துக்கொண்டேன். அவரும் என்னை மாதிரி வீட்டில் அடைக்கலம் தேடுகிறவர். தினமும் சாயங்காலம் ஒரு ஆட்டம் செஸ்.

"டாக்டருக்கு உள்ளே என்னங்க வேலை?" என்று கேட்டாள்.

"ஆலோசனை."

"கம்ப்யூட்டருக்குப் பல் டாக்டர் ஆலோசனையா?"

"சின்ன லினக்ஸ் இல்லையா. வேண்டாததை எல்லாம் பிடுங்கி எறியணும். அவருக்கு அனுபவம் ஜாஸ்தி."

"அது சரி" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளர் டீ கொண்டுவந்தாள். டாக்டர் என் காதில், "உங்க வீட்டம்மா அப்பாவிங்க" என்றார். நான் பெருந்தன்மையோடு தலையாட்டினேன்.

இருபதாம் தேதி பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். கொஞ்சம் களைத்த முகம் வைத்துக்கொண்டேன். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை, அதுவும் திட்டமிட்டுத்தான். பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மெஷினும் அணைந்திருந்தது. என் மனைவி ஓரமாக நின்று, "சார் பேசுவாங்க, கவனிங்க" என்றாள்.

பேசினேன். மூன்று வாரத் தவம், சொந்தக் கால், எவர் தயவும் இல்லாத மூட்டை என்று கால் மணி நேரம் பேசினேன். பிறகு முதல் மெஷினில் பென் டிரைவைச் சொருகினேன். சின்ன லினக்ஸ் ஜம்மென்று எழுந்தது. எடிட்டரைத் தட்டினேன்.

திறக்கவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. எடிட்டர் ஓடுவதற்குத் துணையாக வேண்டிய ஏதோ ஒரு லைப்ரரி ஃபைலைக் காணவில்லையாம்.

சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினேன். அதே வரி. அடுத்த மெஷினுக்குப் போய்ச் சொருகினேன். அங்கேயும் அதே வரி. மூன்றாவது மெஷினிலும் அதே வரிதான். பரீட்சைக்கு ஐந்து நாள். அந்தப் பன்னிரண்டு முகங்களையும் பார்த்தேன். இரண்டாம் தேதியே இங்கே வந்து போட்டுப் பார்த்திருந்தால், சரிசெய்யப் பதினெட்டு நாள் இருந்திருக்கும். நான் செஸ் ஆடிய நாட்கள் அவை. என் மனைவி பதினாலு வருஷமாகக் கட்டிக் காத்த இடம், என் இடுப்புக்கு பயந்து நான் சொன்ன பொய்யினால் பூட்டப்படப் போகிறது. நான் என்னை அவ்வளவு கேவலமாக உணர்ந்ததே இல்லை.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார், அந்த லைப்ரரி மூட்டைக்குள்ள வரல. உங்க லேப்டாப்ல ஏற்கனவே இருந்திருக்கும். அதனாலதான் அங்க திறந்திருக்கு. ஒன்பதாம் பக்கம் சார்."

"என்னம்மா ஒன்பதாம் பக்கம்?"

"'வெறும் மெஷினில் சோதிக்காத மூட்டையை நம்பாதே.' அதுல போட்டிருக்கு சார்."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "தமிழ் ஃபான்ட்டும் இருக்காது சார். அது திறந்தாலும் கட்டம் கட்டமாத்தான் வரும். பதினொண்ணாம் பக்கம்" என்றாள்.

என் மனைவி, "சரி, எல்லாரும் ஆன் பண்ணுங்க" என்றாள்.

சட்சட்டென்று மேஜை இழுப்பறையிலிருந்து பன்னிரண்டு பென் டிரைவ் வெளியே வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பன்னிரண்டு திரையிலும் எடிட்டர், பன்னிரண்டிலும் முத்து முத்தாகத் தமிழ். ஹால் முழுக்க கீபோர்டு சத்தம் பட்டையைக் கிளப்பியது.

என் மனைவியை ஜன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இது எப்படி?"

"உங்க மூட்டைதாங்க. நாலாம் தேதி காலையில நீங்க குளிக்கப் போனப்ப உங்க லேப்டாப்லேருந்து காப்பி எடுத்துக்கிட்டேன். ஃபைல்லயே தேதி இருந்துச்சு. ரெண்டாம் தேதி, ஆறு மணி அஞ்சு நிமிஷம்."

"உனக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"பச்சையா ஓடிச்சே. நாப்பது வரி முடிஞ்சதும் முதல் வரி திரும்ப வந்துச்சு. ஒரு நாளைக்கு அறுபது தாள் திருத்தறவளுக்கு அது தெரியாதா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க கொண்டுவந்து போட்டேன், திறக்கல. மூட்டை கட்டறது எப்படின்னு கையேடு இருக்கான்னு தேடினேன், முப்பது பக்கம் இருந்துச்சு, பிரிண்ட் எடுத்தேன். பசங்களுக்கு எப்படியும் அடிச்சுப் பழக ஏதாவது ஆங்கிலப் பாடம் குடுக்கணும். அதையே குடுத்துட்டேன். உங்க மூட்டையில நாலு ஃபைல் குறையுது, ஃபான்ட் ஒண்ணு குறையுதுன்னு எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிச்சோம். ஆறாம் தேதியிலேருந்து ஓடிட்டிருக்கு. எல்லாருக்கும் வேகம்கூட ஏறியிருக்கு."

என்னவென்று சொல்வது? தவறைக் கண்டுபிடித்தது, கற்றுக்கொண்டது, அதையே பாடமாக நடத்தியது, பன்னிரண்டு பேரைத் தயார் செய்தது எல்லாம் இரண்டே நாளில். நான் பதினெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். வெறும் மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறேன் என்று மலைத்துப் போனேன். கோபம் வரவேண்டிய இடம்தான், வரவே இல்லை.

"நாலாம் தேதியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ரூமை விட்டு வெளியே வந்திருப்பீங்களே."

"அப்படின்னா?"

"பதினாறு நாள் 'என் கண்ணாடி எங்க, என் சாவி எங்க'ன்னு ஒரு குரல் கேக்கலைங்க. பாடம் தயார் பண்ணேன், ரெண்டு புத்தகம் படிச்சேன். டாக்டர் வீட்டம்மாவும் அதையேதான் சொன்னாங்க. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டு வச்சது ரொம்ப சௌகரியம்னு."

"பெயிண்டர்?"

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றார். மூணு வாரம்னு நீங்கதானே சொன்னீங்க. இருபத்தொண்ணாம் தேதிக்குச் சொல்லி வச்சேன்."

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. மேஜைக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"இதைப் பாருங்க. சின்ன லினக்ஸ்காரங்க உலகம் பூரா மூட்டைகளைச் சேத்து வைக்கற இடம். நம்மளதை அனுப்பினேன். அவங்களும் சோதிச்சுப் பார்த்துட்டு ஏத்துக்கிட்டாங்க."

பார்த்தேன். எடிட்டரின் பெயர், அளவு, விவரம். அதற்குக் கீழே 'மூட்டை கட்டியவர்' என்ற இடத்தில் என் பெயர். அவள் பெயர் எங்குமே இல்லை.

"நீதானே சரி பண்ணே? உன் பேரைப் போட வேண்டியதுதானே?"

"முதல்ல கட்டினது நீங்கதானே. இருக்கட்டும்ங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடம் நாற்பது வரி ஓடவிட்டு நாடகம் போட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. இனிமேல் இவளை ஏமாற்றுவதில்லை என்று அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அடுத்த வரியிலும் என் பெயர் தெரிந்தது.

"இது என்ன, 'பராமரிப்பவர்'?"

"அதுவும் நீங்கதான். எடிட்டர்ல புது வெர்ஷன் வரும்போதெல்லாம் புதுசா மூட்டை கட்டி அனுப்பணுமாம். வருஷத்துக்கு ஒரு பத்துத் தடவை வருமாம். யாருக்காவது திறக்கலை, ஓடலைன்னா உங்க பேரைப் போட்டு நம்ம சென்டருக்குத்தான் மெயில் போடுவாங்க. வெறும் மெஷின்ல சோதிச்சுத்தான் அனுப்பணும், அதுல ரொம்பக் கறாரா இருக்காங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நானும் தேடிப் பார்த்தேன். முடியற தேதின்னு அதுல ஒரு கட்டமே இல்லைங்க" என்றாள் என் மனைவி. "இப்பவே ஆறு மெயில் வந்திருக்கு, உக்காருங்க."