மூன்றாவது சிலிண்டரைக் கண்டுபிடித்தவர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். ஏழாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவள். காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதுதான். இருந்தாலும், கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டாள்.

காலையில் வண்டியைக் கிளப்பினால் வெள்ளைப் புகை, எவ்வளவு நேரமானாலும் நிற்பதில்லை. சர்க்கரைப் பாகு காய்ச்சுவதுபோல் ஒரு தித்திப்பு வாசனை. எஞ்சினைக் குளிரவைக்கும் பச்சைத் தண்ணீர், அந்தக் கூலண்ட், தினமும் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

"சரியாத்தான் சொல்றீங்க அக்கா. வெளிய ஒழுகலேன்னா சிலிண்டருக்குள்ள ஒழுகுது. எஞ்சின் மூடிக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கட் போயிருக்கும். பிளக்கைக் கழட்டிப் பாத்தா, தண்ணி இறங்குற சிலிண்டரோட பிளக் மட்டும் கழுவின மாதிரி இருக்கும். இப்படியே மலை ஏத்திடாதீங்க, பாதி வழியில எஞ்சின் கொதிச்சுப் போயிடும்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே இருக்கும் மகளை மறுநாள் பிரசவத்துக்குச் சேர்க்கிறார்கள்.

ஷெட்டுக்கு ஓட்டிப் போகலாமென்றால் அதற்கும் வழியில்லை. பிரேக் விஷயத்தில் இதே மெக்கானிக்கோடு சண்டை போட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சபதம் செய்தவர் அவள் கணவர். அன்றிலிருந்து வீடியோ பார்த்தே முக்கால் மெக்கானிக் ஆகிவிட்டார். புகையைக் காட்டினால் பனி என்பார். வெயில் காலத்தில் ஏது பனி என்றால், உனக்குப் புரியாது என்பார். சிலிண்டரில் ஏதோ சத்தம் என்று அவர் முனகியதைக் கேட்டு அடுப்படிக்கு ஓடிப்போய்க் கேஸை மூடியவள் அவள். மேற்கொண்டு எந்த முகத்தோடு வாதாடுவது?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, கடைவீதியில் மெக்கானிக்கைப் பார்த்ததாக ஒரு பொய்யை மெல்ல எடுத்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்லீங்க. விடுங்க."

"சொல்லுன்னா சொல்லு."

"எந்த சிலிண்டர்ல தண்ணி இறங்குதுன்னு ஏழு ஜென்மம் எடுத்தாலும் உங்களால கண்டுபிடிக்க முடியாதாம். சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார். தண்ணீர் இறங்குவது தனக்கு எப்போதோ தெரியும் என்றும், தக்க நேரத்துக்காகக் காத்திருந்ததாகவும் சொன்னார்.

விடிந்ததும் நான்கு பிளக்கும் செய்தித்தாளில் வரிசையாகப் படுத்திருந்தன. மூன்று கரி பூசியிருந்தன. மூன்றாவது மட்டும் தேய்த்து வைத்த பாத்திரம்போல் பளபளத்தது.

"பாரு, இது ஒண்ணுதான் ஆரோக்கியமா இருக்கு" என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. வாய்விட்டுச் சொன்னால் போன் போட்ட கதை வெளியே வந்துவிடும். "நாலும் ஒரே வீட்டுல இருக்கு. இது மட்டும் ஏங்க குளிச்சிருக்கு?" என்று பிளக்கைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் யோசித்தார். பெட்ரோல் வராமலிருக்க ஏதோ ஃபியூஸைப் பிடுங்கினார். அவளைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, எஞ்சின்மேல் கவிழ்ந்தார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவள் கெஞ்சியது காதில் ஏறவில்லை. திருப்பினாள். மூன்றாவது பிளக் இருந்த துளையிலிருந்து பச்சைத் தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் முகத்தைக் கழுவியது. மூக்குக்கண்ணாடி இருந்ததால் கண் பிழைத்தது.

"மூணாவது" என்றார், தாடையிலிருந்து சொட்டச் சொட்ட. "கண்டுபிடிச்சுட்டேன் பாத்தியா?"

அவரே போன் செய்து இழுவை வண்டியை வரவழைத்தார். பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கில் ஷெட்டுக்குள் நுழைந்தார். மெக்கானிக் வாயைப் பிளந்தான். கருவி வைத்துச் சோதித்தால்தான் எங்களுக்கே தெரியும், எப்படி சார் என்று வியந்தவன், அவர் தோளுக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் அவசரமாக ஒரு டயரைப் பார்த்தாள்.

ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தி மாட்ட ஒரு வாரமாகும் என்றான். அப்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. மலைக்கு எப்படிப் போவது என்று அவர் கையைப் பிசைய, பஸ்ஸில் இரண்டு இடம் நேற்றே பிடித்துவிட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பஸ்ஸில் ஏறியவர், கடைசி வரிசையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏன், முன்னாடி இடமே இல்லையா?"

"இருந்துச்சுங்க. எஞ்சினுக்குப் பக்கத்துல உங்களை உட்கார வைக்க எனக்குப் பயமா இருந்துச்சு."