கப்பலும் நானும் மட்டும்

தனிமை விரும்பி என்றொரு இனம் உண்டு. இவர் தனியாக எங்கும் போகமாட்டார். பத்துப் பேரோடு, மூன்று வண்டிகளில், குளிர்பெட்டி நிறைய இறைச்சியோடு நமீப் பாலைவன மணலைத் தாண்டி வந்து, நூறு வருடமாகக் கரைதட்டிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்த்ததும், மற்ற பத்துப் பேரும் எதற்கு வந்தார்கள் என்று வருந்துவார்.

விண்ட்ஹூக் நகரில் பல் மருத்துவம் பார்க்கும் ஹெல்முட் அப்படிப்பட்டவர். கப்பலைப் படமெடுக்கும்போது குறுக்கே தெரியக்கூடாதென்று முதலில் வண்டிகளை மணல்மேட்டுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார். பிறகு எங்களையும். அப்புறம்தான் சக்கரத் தடங்கள் அவர் கண்ணில் பட்டன. கூடாரம் கூட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாலைவனத்தைப் பெருக்க ஆரம்பித்தார். பெருக்கியவரின் காலடிகள் பதிந்தன. அவற்றையும் பெருக்கினார். இதற்கு முடிவு உண்டா?

எங்கள் வழிகாட்டி எல்சிதா கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பும் வழியில் மணல்மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தை நாங்கள் நெடுஞ்சுவர் என்போம். கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டுமே அதன் அடியில் வண்டி போகும். பதினோரு வருடத்தில் அந்த நேரத்தை அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. மறுநாள் காலை வால்விஸ் பே துறைமுகத்தில் வேறொரு சுற்றுலாக் கூட்டம் அவளுக்காகக் காத்திருக்கும்.

"டாக்டர், நீங்க தடத்தை அழிச்சது போதும். ரெண்டு மணிக்குள்ள சுவரைத் தாண்டலேன்னா, கடல் நம்ம வண்டியையே அழிச்சிடும்."

"அஞ்சே நிமிஷம்மா. அந்தப் பச்சைத் தொப்பிக்காரரைக் கொஞ்சம் குனியச் சொல்லு."

அந்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. நெடுஞ்சுவரை அடைந்தபோது அலை மணல்மலையில் மோதிக்கொண்டிருந்தது. எல்சிதா வண்டியைத் திருப்பினாள். அன்றிரவு பதினொரு பேரும் எல்சிதாவும் கப்பலடியில் தங்கினோம். கம்பளி கொண்டுவராத டாக்டருக்கு அவளே தன்னுடையதைக் கொடுத்தாள். அவளுக்காகக் காத்திருந்த கூட்டம், மறுநாள் வேறொரு வழிகாட்டியோடு போய்விட்டது.

ஊர் திரும்பிய டாக்டர் படத்தை வெளியிட்டார். கீழே எழுதியிருந்தார்: 'கப்பலும் நானும் மட்டும். மனித வாடையே இல்லை.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும், ஈ காக்கை இல்லாத அந்த அருவிப் படத்தையும் ஒருமுறை பாருங்கள். அது ஞாயிற்றுக்கிழமை எடுத்ததுதானே?