முழங்கைக்குக் கீழே ஒரு சங்கு

பச்சை ஹவில்தாரைச் சட்டையில்லாமல் பார்த்து அதிர்ச்சி அடையாதவர்கள் தூத்துக்குடியிலேயே இரண்டே பேர்தான். ஒருத்தி அவருக்குப் பச்சை குத்தினவள். இன்னொருத்தி அவரைப் பெற்றவள். பெற்றவளும் முதல் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

மூன்றாவது ஆளாக இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம். கல்லூரிப் பையன்களுக்கு அணிவகுப்பும் துப்பாக்கியும் சொல்லிக்கொடுக்கும் சின்னப் படை அலுவலகம் ஒன்று கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்தது. அதில் குமாஸ்தாவாகச் சேர ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கினேன். காலை ஏழு மணி. பின்பக்கக் குழாயடியில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக் குளித்துக்கொண்டிருந்தார். அந்த முதுகில் மூன்று பாய் விரித்த தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்தார், தோணி ஆடியது. நான் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் திரும்பினார். அது இன்னும் மோசம். நெஞ்சில் மாதா, இடது தோளில் சேவல், வலது தோளில் நங்கூரம், தொப்புளுக்கு மேலே வாயைப் பிளந்தபடி ஒரு சுறா.

"புது கிளார்க்கா? வாரும் சாமி. சுறாவப் பாத்துப் பயந்துட்டீரோ? பதினெட்டு வயசுல குத்தும்போது அது நெத்திலிதான். எங்கூடவே வளந்துட்டு."

கோயில், குளம், ததியாராதனைப் பந்தி என்று வளர்ந்தவன் நான். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஹவில்தாருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிக் கடலோரத்துத் திரேஸ்புரம். பெயர் என்று ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டாளத்தில் சேர்ந்து எங்கெங்கோ பனிமலையில் காவல் நின்றுவிட்டு, பயிற்சி கொடுக்கும் வேலைக்காக ஊருக்கே மாற்றலாகி வந்திருந்தார். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பச்சை என்று கணக்கு. அவர் லீவில் வரும் ரயிலுக்குப் பச்சை குத்துகிறவள் ஊசியோடு ஸ்டேஷனுக்கே வந்துவிடுவாளாம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். அணிவகுப்பில் அவர் கையை நீட்டி "லெஃப்ட் டர்ன்" என்று கத்தினால், பாதிப் பையன்கள் திரும்ப மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மற்றபடி அவரைப் போல ஒரு வாத்தியார் அந்தப் படைக்குக் கிடைத்ததில்லை. மக்குப் பையனைக்கூட ஒரே வாரத்தில் நேராக நிற்க வைத்துவிடுவார்.

ஒரு சித்திரை மாதம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்தது. உறையைப் பிரித்துப் படித்த எனக்குத் திக்கென்றது. அரைக்கைச் சட்டை போட்டால் வெளியே தெரிகிற மாதிரி, முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருப்பவர்களைப் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்யக் கூடாதாம். பச்சை ஹவில்தார் நாயப் சுபேதார் ஆவதற்கு அடுத்த மாதம் பேட்டி. அதில் தேறினால் தோளில் நட்சத்திரம். தேறாவிட்டால் வயது வரம்பு முடிந்து ஆவணியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு நட்சத்திரத்துக்காகக் காத்திருந்த மனுஷர். திரேஸ்புரத்தில் அதற்குள்ளேயே நாலு பேர் "சுபேதாரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் மேஜர் சென்னைக்காரர். கெட்டவர் இல்லை. விதி என்று ஒன்று இருக்கும்போது நல்லவராக வேறு இருக்க வேண்டுமா என்று நினைக்கிறவர். என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆள் உடம்புல எங்கெங்க என்ன இருக்குன்னு அளந்து, லிஸ்ட் போட்டுக் கொண்டாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஒரு அடி ஸ்கேலும் பென்சிலுமாகப் போனேன்.

"சேவல், இடது தோள், நாலே கால் அங்குலம், வால் உட்பட. அண்ணாச்சி, மூச்சைப் பிடியும். சுறா நகர்றது."

"நான் பிடிக்கேன் சாமி. அது பிடிக்கணும்லா?"

மொத்தம் பதினோரு உருப்படி. பத்து சட்டைக்குள் மறைந்துவிடும். யாருக்கும் உபத்திரவம் இல்லை. பதினோராவது மட்டும் வலது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நட்டநடுவில் இருந்தது. ஒரு சங்கு. இரண்டரை அங்குலம். மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, இது மட்டும் பழசாகி நீலம் பாரித்திருந்தது.

"இது ஒண்ணுதான் அண்ணாச்சி இடைஞ்சல்."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உம்ம மேல ஒண்ணும் கெடையாதா சாமி?"

நான் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, "வேலையைப் பாரும்" என்றேன்.

அடுத்த மூன்று வாரம் அந்தச் சங்கை மறைக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! அக்கினி நட்சத்திர வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை மாட்டிக்கொண்டு அணிவகுப்பு நடத்தினார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எலும்பு முறிவு என்றார். பையன்கள் சாத்துக்குடியோடு பார்க்க வந்துவிட்டார்கள். சம்சாரத்தின் முகப்பவுடரைப் பூசிப் பார்த்தார். வேர்வையில் கரைந்து, சங்குக்குத் திருமண் சாத்திய மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

ஸ்டோர் கீப்பர் ஒரு நாள் குப்பி ஒன்றோடு வந்தான். முந்திரிக்கொட்டை எண்ணெய். "ரெண்டு சொட்டு விடும் அண்ணாச்சி. தோலு வெந்து உரிஞ்சிரும். சங்கும் போயிரும்" என்றான்.

ஹவில்தார் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. குப்பி சன்னல் வழியே பறந்தது. "ஏலே! ஓடிரு! எங்கப்பனையால எரிக்கச் சொல்லுத?"

ஸ்டோர் கீப்பர் ஓடிவிட்டான். அவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பன் சங்கு குளிக்கப் போனவன் சாமி. எனக்கு ஒம்போது வயசு. போன தோணி வந்துது, அப்பன் வரல. அஞ்சாம் நாளு பொணங்க கரையில ஒதுங்குச்சு. மூஞ்சி கெடையாது. மீனு தின்னுட்டு. ஒரே நாளு ரெண்டு தோணியில அஞ்சு பேரு செத்துப்போயிருந்தாவ. யாரு புருசன், யாரு மவன்னு யாருக்குத் தெரியும்? எங்கம்ம மண்டி போட்டு ஒவ்வொரு கையாத் தடவிப் பாத்தா. சங்குப் பச்சை இருந்த கையப் பிடிச்சு, 'இதுதான் எம் புருசன்'னா. பட்டாளத்துக்குப் போறேன்னு நான் பேரு குடுத்த அன்னைக்கு, அதே எடத்துல அதே சங்கக் குத்திட்டு வந்து அவகிட்ட காட்டுனேன். மூணு மாசம் எங்கூடப் பேசல."

அந்தச் சேவலையும் சுறாவையும் பார்த்து எத்தனை நாள் சிரித்திருப்பேன்!

அன்று சாயங்காலம் சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு விலக்கு இருந்தது. மத நம்பிக்கை சார்ந்த அடையாளமானால் தடை இல்லை. பட்டியலை டைப்ரைட்டரில் ஏற்றி, பதினோராவது வரிசையில் 'சங்கு' என்பதற்கு நேரே 'மதச் சின்னம்' என்று அடித்தேன். என் உத்தியோகத்தில் நான் அடித்த ஒரே பொய் அது. அதுவும் மாதாவை நெஞ்சில் சுமக்கிற கத்தோலிக்கர் ஒருவருக்கு!

பேட்டி நாளன்று கோப்புகளோடு மேஜர் பக்கத்தில் நின்றேன். ஹவில்தார் விறைப்பாக வந்து சல்யூட் அடித்தார். மேஜர் பட்டியலைப் பார்த்தார்.

"சங்கு, மதச் சின்னம்னு போட்டிருக்கு. நீங்க கிறிஸ்டியன்தானே?"

நான் மேஜருக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். மாலுமிக்குக் கலங்கரை விளக்கம்கூட அவ்வளவு சைகை காட்டியிருக்காது. அந்த மனுஷர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மதம் இல்ல சார். அது எங்கப்பன் அடையாளம்" என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அஞ்சாம் நாள் கரை ஒதுங்கியதுவரை முழுசாகச் சொல்லி முடித்தார்.

மேஜர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். "வருத்தமான விஷயம்தான். ஆனா பட்டாளம்னா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். இன்னிக்கு உங்களுக்குச் சங்கு. நாளைக்கு எவனாவது சினிமா நடிகையைக் குத்திக்கிட்டு வந்து நிப்பான். அடையாளத்துக்குத்தான் கழுத்துல தகடு குடுத்திருக்கோமே?"

"தகடு அறுந்துரும் சார். தோலு அறுமா?"

மேஜர் பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கோப்புகளைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். பனியனையும் கழற்றினேன். மின்விசிறிக்குக் கீழே பூணூல் பறக்க, ஒரு ராணுவ மேஜருக்கு முன்னால் வெற்றுடம்போடு நின்றேன். டீ கொண்டுவந்த ஆர்டர்லி தட்டைப் போட்டு உடைத்தான்.

"என்னய்யா இது?" என்று மேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாருங்கோ சார். வலது தோள்ல சக்கரம், இடது தோள்ல சங்கு. பச்சை இல்லை, சூடு. பதினேழு வயசுல எங்க ஆசாரியர் பழுக்கக் காய்ச்சி வெச்சது. எதுக்குன்னு கேட்டதுக்கு, 'செத்த பிறகு நீ நம்மவன்னு பெருமாள் அடையாளம் கண்டுக்கணுமே, அதுக்குத்தான்'னு எங்கப்பா சொன்னார். என்னைப் பெருமாள் கண்டுபிடிக்கணும். அவரை அவர் அம்மா கண்டுபிடிக்கணும். என்னுது நம்பிக்கைன்னா அவருது என்ன சார்?"

ஹவில்தார் விறைப்பை விட்டுவிட்டு வாயைப் பிளந்து என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரை அதிரவைத்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

"முதல்ல சட்டையப் போடுங்க" என்றார் மேஜர். நான் தலைகீழாக மாட்டிய பனியனோடு போராடிக்கொண்டிருந்தபோது, பட்டியலில் பதினோராவது வரிசைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே 'நம்பிக்கை சார்ந்தது, விலக்கு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு பேரும் வெளிய போங்க. இந்த ரூம்ல நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது."

நட்சத்திரம் வந்தது. திரேஸ்புரத்தில் வெடி போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நாயப் சுபேதார் என் மேஜைக்கு வந்து, ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வலது சட்டைக்கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே புதுசாக, இன்னும் வீக்கம் வற்றாமல், ஒரு டைப்ரைட்டர். சாவியெல்லாம் வரிசையாக இருந்தது.

"அளந்து பாரும் சாமி. முழங்கைக்கு ஒரு அங்குலம் மேல. விதின்னா விதிதான்."

"ஐயோ, இது எதுக்கு அண்ணாச்சி?"

"எங்கப்பன் கீழ இருக்கான். அவனுக்குக் காவல் நின்ன ஆளு மேல இருக்கட்டும்."

கடைசிவரை கடல் அவரைக் கேட்கவில்லை. பென்ஷன் வாங்கிப் பல வருஷம் கழித்து, கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். தகவல் கேட்டுத் திரேஸ்புரத்துக்கு ஓடினேன். பெட்டியில் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். முகம் அப்படியே இருந்தது. யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லலாம். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சம்சாரத்தைப் பார்த்தேன். "பாத்துக்கிடும் சாமி" என்றார் அந்த அம்மாள். வலது கைச் சட்டையை மெல்ல மேலே ஏற்றினேன். முதலில் சங்கு. அதற்கு மேலே டைப்ரைட்டர். தோல் சுருங்கியதில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், இவர் எங்க அண்ணாச்சிதான்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.